பந்தை உருட்டும் உரிமையும் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமையும்

சமூக அறிவியல் வகுப்புகளில் 'சமூக மூலதனம்' என்ற கருத்து கற்பிக்கப்படும்போதெல்லாம் ஒரு விளையாட்டின் பெயரும் தவறாமல் உடன்வருகிறது. ராபர்ட் புட்னம் 1995 ஜனவரியில் 'ஜர்னல் ஆஃப் டெமாக்ரசி' இதழில் எழுதிய கட்டுரைக்கும், அதை விரித்து 2000இல் வெளியிட்ட நூலுக்கும் 'பவுலிங் அலோன்' என்று தலைப்பிட்டார். பவுலிங் என்றதும் தமிழ் வாசகருக்குக் கிரிக்கெட் பந்துவீச்சே முதலில் நினைவுக்கு வரும். இது அதுவன்று. வழவழப்பான மரத்தடத்தில் கனமான பந்தை உருட்டி, எதிர்முனையில் முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம். இந்தியப் பெருநகரங்களின் வணிக வளாகங்களில் மணிக்கணக்குக்குக் கட்டணம் செலுத்தி ஆடப்படுவது. அமெரிக்காவிலோ இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தொழிற்சாலை ஊழியரும் கடைச் சிப்பந்தியும் வாரந்தோறும் ஒரு மாலை கூடி ஆடிய லீக் ஆட்டம்.

புட்னம் காட்டிய எண்கள் பலருக்கும் மனப்பாடம். 1980க்கும் 1993க்கும் இடையில் அமெரிக்காவில் பவுலிங் ஆடுவோரின் எண்ணிக்கை 10 சதவீதம் கூடியது. ஆனால் லீக்குகளில் சேர்ந்து ஆடுவோர் 40 சதவீதம் குறைந்தனர். ஆட்டம் வளர்ந்தது, கூட்டு குலைந்தது என்பது அவர் முடிவு. அந்தக் கட்டுரை வெளிவந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்தியப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் அதன் இடம் அசையவில்லை. குறையொன்றும் இல்லாத ஒரு பொற்காலத்திலிருந்து மனிதர்கள் தனிமைக்குள் சரிந்தார்கள் என்பதான ஒரு கதையாகவே அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்த ஆட்டத்துக்கு ஓர் அமைப்பு இருந்தது, அந்த அமைப்புக்கு ஒரு விதிநூல் இருந்தது, ஆண்டுக்கொரு முறை ஏதோ ஒரு நகரில் போட்டியும் மாநாடும் நடத்தி அது தன் விதிகளைத் தானே எழுதிக்கொண்டது என்பதெல்லாம் வகுப்பறைக்கு வருவதில்லை. வந்தால் கதை வேறாகும்.

அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் 1895 செப்டம்பரில் நியூயார்க் நகரில் உருவானது. கூடத்துக்குக் கூடம் வேறுபட்டுக் கிடந்த அளவுகளையும் எண்ணிக்கை முறையையும் ஒன்றாக்குவதே அதன் முதல் வேலை. கட்டைகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி, ஓர் ஆட்டத்தின் உச்ச மதிப்பெண் எவ்வளவு என்பன போன்ற கேள்விகளுக்கு நாடு முழுமைக்கும் ஒரே விடை கிடைத்தது அப்போதுதான். 300 என்பது 'குறையற்ற ஆட்டம்' என்று நிலைத்ததும் அவ்வாறே. 1901இல் சிகாகோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. அதன்பின் இரண்டாம் உலகப்போர்க் காலத்து இடைவெளி நீங்கலாக, ஆண்டுதோறும் வேறுவேறு நகரங்களில் அது தொடர்ந்தது. நகரங்கள் அதற்காகப் போட்டியிட்டன. பெரிய அரங்கங்களில் அந்தப் போட்டிக்கென்றே தற்காலிகத் தடங்கள் பதிக்கப்பட்டன. ஐவர் அணி, இருவர், ஒருவர் என மூன்று பிரிவுகளில் தலா மூன்று ஆட்டம். ஒன்பது ஆட்டங்களின் கூட்டுத்தொகைக்குத் தனிப் பரிசு. நுழைவுக் கட்டணம், ரயில் செலவு, விடுதி வாடகை எல்லாம் ஆடுபவர் பொறுப்பு. சில அணிகளுக்கு உள்ளூர் மதுக்கடையோ மளிகைக் கடையோ சட்டை தைத்துக் கொடுத்து, அதில் தன் பெயரை எழுதிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான அணிகள் முறைவைத்து வந்து ஆட வேண்டியிருந்ததால் போட்டி வாரக்கணக்கில் நீண்டது. ஒவ்வோர் அணியும் வந்து ஆடுவது ஓரிரு நாள்தான். அதற்காகவே ஓராண்டு பணம் சேர்த்தவர்கள் உண்டு.

அதே போட்டியையொட்டி மாநாடும் நடந்தது. நகர, மாநிலச் சங்கங்கள் அனுப்பிய பேராளர்கள் அதில் அமர்ந்து அறிக்கை கேட்டார்கள், கணக்குப் பார்த்தார்கள், நிர்வாகிகளைத் தேர்ந்தார்கள், விதித்திருத்தங்களுக்கு வாக்களித்தார்கள். இதில் கவர்ச்சியான காட்சி எதுவும் இல்லை. ஆயினும் இந்த விளையாட்டின் சமூக வரலாறு தடத்தில் உருண்டதைவிட அதிகமாக இந்த மாநாட்டு அறையில்தான் உருண்டது.

1916இல் அந்த அமைப்பு தன் உறுப்பினர் தகுதியை வெள்ளையின ஆண்களுக்கு மட்டும் என்று விதியாக எழுதிவைத்தது. அதே ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் பெண்கள் தமக்கெனத் தனிக் காங்கிரஸ் அமைத்துக்கொண்டார்கள். பின்னர் அந்த அமைப்பிலும் இனத்தடை இடம்பெற்றது. இந்த விதியின் தன்மையைக் கவனிக்க வேண்டும். ஒரு கறுப்பினத்தவர் பந்தை உருட்டுவதை அது நேரடியாகத் தடுக்கவில்லை. அவர் உருட்டியதை எண்ணிக்கையிலிருந்து அகற்றியது. அங்கீகரிக்கப்பட்ட லீக்கில், அங்கீகரிக்கப்பட்ட தடத்தில், உறுப்பினர் ஒருவர் பெற்ற மதிப்பெண்ணே பதிவேட்டில் ஏறும். உறுப்பினரல்லாதவர் 300 எடுத்தாலும் அது அந்தக் கூடத்தின் பேச்சாக மட்டுமே எஞ்சும். பல நகரங்களில் தடங்கள் வாரத்தின் மாலைகள் முழுவதும் லீக்குகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்ததால், லீக்கில் சேர முடியாதவருக்குத் தடமே கிடைப்பதும் அரிதாயிற்று. கறுப்பின இளைஞர்கள் பலர் அந்தக் கூடங்களுக்குள் இருந்தார்கள். ஆனால் தடத்தின் மறுமுனையில், விழுந்த கட்டைகளை எடுத்து நிறுத்தும் கூலியாட்களாக இருந்தார்கள். தானியங்கிப் பொறி 1946இல் பஃபலோ போட்டியின்போது பார்வைக்கு வைக்கப்பட்டு, 1950களில் பரவும்வரை அந்த வேலைக்கு மனிதக் கைகளே தேவைப்பட்டன.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வெறுமனே காத்திருக்கவில்லை. 1939இல் டெட்ராய்ட் நகரில் தேசிய நீக்ரோ பவுலிங் சங்கம் உருவானது. அதற்கும் தேசியப் போட்டி உண்டு, அதற்கும் ஆண்டுக் கூட்டம் உண்டு. ஆனால் அதன் உறுப்பினருக்கு வெளியூர்ப் போட்டி என்பது மற்றவருக்கு இருந்ததுபோல் எளிதான பொருளில் இருக்கவில்லை. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் வெளியிட்டுவந்த வழிகாட்டி நூலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஊரில் எந்த விடுதி கறுப்பினத்தவரை ஏற்கும், எந்த நிலையத்தில் எரிபொருள் நிரப்பலாம், எந்த வீட்டில் இரவு தங்கலாம் என்று பார்த்துப் பார்த்துப் பயணம் செய்த காலம் அது. சூரியன் மறைவதற்குள் கறுப்பினத்தவர் வெளியேறிவிட வேண்டும் என்று சொன்ன ஊர்கள் வழியில் இருந்தன. கட்டுச்சோறும் போர்வையும் பந்துப்பையோடு சேர்ந்தே போயின. போட்டி நடக்கும் ஊரில் விடுதி மறுக்கப்படுமானால், உள்ளூர்க் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளே விடுதிகள். பயணம் என்பது ஆட்டத்துக்கு முன்னுரை என்று நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு ஒன்றைச் சொல்கிறது: போய்ச்சேர முடியாதவருக்கு ஆட்டமும் இல்லை, கூட்டமும் இல்லை.

இந்தச் சங்கம் செய்த ஒரு காரியம் சமூக மூலதனக் கோட்பாட்டாளரின் கவனத்துக்கு உரியது. 1944இல் அது தன் பெயரிலிருந்து 'நீக்ரோ' என்ற சொல்லை எடுத்துவிட்டு, எல்லா இனத்தவருக்கும் திறந்த தேசிய பவுலிங் சங்கமாக மாறியது. தன்னையொத்தவரோடு பிணைக்கும் உறவு, தன்னினும் வேறானவரை நோக்கிப் பாலமிடும் உறவு என்று புட்னம் இரண்டு வகை பிரிக்கிறார். நாட்டின் பெரிய அமைப்பு பிணைப்பை விதியாக எழுதிவைத்துக் காத்துநின்ற அதே ஆண்டுகளில், அதனால் ஒதுக்கப்பட்டவர்களின் சிறிய அமைப்பு பாலத்தைத் திறந்துவைத்தது. ஜப்பானிய அமெரிக்கர்களின் நிலையும் ஒப்பிடத்தக்கது. போர்க்கால முகாம்களிலிருந்து வெளிவந்த அவர்கள், இந்த விதியால் தாமும் தடுக்கப்பட்ட நிலையில், 1947இல் சால்ட் லேக் நகரில் தம் குடியுரிமைக் கழகத்தின் பெயரில் தனி தேசியப் போட்டி தொடங்கினார்கள்.

போருக்குப் பின் விதியின் மீது தாக்குதல் தீவிரமடைந்தது. அதில் முன்னின்றவை தொழிற்சங்கங்கள். குறிப்பாக, வால்ட்டர் ராய்தர் தலைமையிலான மோட்டார்த் தொழிலாளர் சங்கம். அதன் பொழுதுபோக்குத் துறையை நடத்திய ஓல்கா மடார் இதைத் தன் முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டார். ஒரே பட்டறையில் தோளோடு தோள் நின்று வேலை செய்யும் தொழிலாளர்கள் மாலையில் ஒரே லீக்கில் ஆட முடியாது என்பது தொழிற்சங்கத்துக்கு வெறும் விளையாட்டுப் பிரச்சினை அன்று. அது ஒற்றுமையின் வேரிலேயே விழுந்த வெட்டு. 1948இல் தேசிய நேர்மை ஆட்டக் குழு ஒன்று உருவானது. அப்போது மினியாபொலிஸ் மேயராக இருந்து பின்னர் துணைக் குடியரசுத் தலைவரான ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும், கோல்ஃப் வீராங்கனை பெட்டி ஹிக்ஸும் அதன் இணைத்தலைவர்கள். கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கமும் ஜப்பானிய அமெரிக்கர் கழகமும் துணைநின்றன. அதே 1948இல் காங்கிரஸின் போட்டி நடந்த நகரம் டெட்ராய்ட். மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைமையகம் இருந்த ஊர், ஒதுக்கப்பட்டவர்களின் சங்கம் பிறந்த ஊர், வெள்ளையர்க்கு மட்டுமான போட்டிக்கு அரங்கம் தந்தது. இந்த முரண்பாட்டை எடுத்துக்காட்ட அங்கே தனியாக ஒரு சொற்பொழிவு தேவைப்பட்டிருக்காது.

பல மாநிலங்களில் வழக்குகள் தொடரப்பட்டன. அமைப்பு தன்னை ஒரு தனியார் கழகம் என்று சொல்லித் தற்காத்துப் பார்த்தது. இல்லினாய் மாநில நீதிமன்றம் 1950இல் அதற்கு 2,500 டாலர் அபராதம் விதித்தது. அங்கே பெற்றிருந்த பதிவே ரத்தாகும் நிலை வந்தது. அந்த ஆண்டு மே மாதம், ஓஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் போட்டியை ஒட்டிக் கூடிய மாநாட்டில் பேராளர்கள் இனத்தடையை நீக்க வாக்களித்தார்கள். பெண்கள் காங்கிரஸும் அதே ஆண்டு நீக்கியது. அடுத்த ஆண்டு மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் நடந்த போட்டியில், டெட்ராய்ட்டிலிருந்து வந்த கறுப்பின அணி ஒன்று தேசியத் தடத்தில் பந்தை உருட்டியது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், எழ வேண்டும். மாநாடு மனம் மாறி வாக்களிக்கவில்லை, நீதிமன்றம் கழுத்தைப் பிடித்ததால்தான் வாக்களித்தது. அப்படியிருக்க மாநாட்டைப் பெருமைப்படுத்துவது எப்படி? 34 ஆண்டுகள் அந்த விதியைச் சுமந்து நடந்த பேராளர்கள் அவர்களே அல்லவா? ஆட்சேபம் சரியானது. அந்த மாநாடுகளுக்கு அறமேன்மை எதையும் ஏற்றிச்சொல்ல இடமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. தொழிற்சங்கமும் நீதிமன்றமும் உரிமைக் கழகங்களும் கொடுத்த அழுத்தம் போய்ச்சேர ஒரு முகவரி எங்கிருந்து வந்தது? விதி எழுத்தில் இருந்தது. அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதும் எழுத்தில் இருந்தது. எந்த மாதம், எந்த ஊரில் அவர்கள் கூடுவார்கள் என்பது ஓராண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. எழுதப்பட்ட அநீதியை அடிக்க முடியும். அடித்து வீழ்த்திய நாளைக் குறித்துவைக்கவும் முடியும்.

எழுதப்படாத அநீதிக்கு என்ன நேர்கிறது என்பதை 18 ஆண்டுகள் கழித்து மற்றொரு பவுலிங் கூடம் காட்டியது. தென் கரோலினாவின் ஆரஞ்சுபர்க் நகரில் இருந்த அந்தக் கூடத்தின் உரிமையாளர் 1968இலும் கறுப்பினத்தவரை உள்ளே விட மறுத்தார். 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் விடுதிகளையும் உணவகங்களையும் திரையரங்குகளையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. பவுலிங் கூடத்தைப் பெயர்சொல்லவில்லை. அந்த இடைவெளியில் அவர் நின்றுகொண்டார். அவருக்கு மாநாடு இல்லை, பேராளர் இல்லை, திருத்த வேண்டிய சரத்து இல்லை. கறுப்பின மாணவர்களுக்கு வீதி மட்டுமே இருந்தது. பிப்ரவரி 8 இரவு, தென் கரோலினா அரசுக் கல்லூரி வளாகத்தில் கூடியிருந்த மாணவர்கள் மீது நெடுஞ்சாலைக் காவலர்கள் சுட்டார்கள். மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் உயர்நிலைப் பள்ளி மாணவர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். சுட்ட காவலர்கள் விடுவிக்கப்பட்டார்கள். காயம்பட்டவர்களில் ஒருவரான கிளீவ்லண்ட் செல்லர்ஸ் கலவரக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 1993இல். அந்தக் கூடத்துக்குள் ஓர் உணவுமேடை இயங்கியதால் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது, மரணங்களுக்குப் பிறகு.

விதியின் சொற்களிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 1916ஆம் ஆண்டு விதியில் இரண்டு அடைகள் இருந்தன: வெள்ளையின, ஆண். 1950இல் ஓர் அடை நீங்கியது, மற்றொன்று நின்றது. ஆண்கள் அமைப்பில் பெண்கள் உறுப்பினராகச் சேர்வதற்கு 1993வரை, அதாவது மேலும் 43 ஆண்டுகள் ஆயின. ஆண், பெண், இளையோர் அமைப்புகள் ஒன்றாகி இன்றைய ஐக்கிய அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் ஆனது 2005இல். ஒரு சொல்லை நீக்குவதற்கான போராட்டம் அதன் அருகில் நிற்கும் சொல்லைத் தானாக நீக்கிவிடுவதில்லை. இயல்பானது என்று தோன்றும் அடையே கடைசிவரை கேள்விக்குத் தப்புகிறது. நீங்கிய சொல்லுக்குப் பின்னும் அதன் நிழல் நிற்கிறது என்பதற்கு, தடை நீங்கி முப்பத்து நான்கு ஆண்டு அல்ல, ஏழு பத்தாண்டுகள் கடந்தும் தேசிய பவுலிங் சங்கம் தன் போட்டியையும் தன் கூட்டத்தையும் தொடர்ந்து நடத்திவருவதே சான்று. அழைக்கப்படுவதும் சொந்தமாக வைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதை அதன் உறுப்பினர்கள் அறிவார்கள்.

இந்த வரலாற்றோடு புட்னத்தின் நூலுக்குத் திரும்பினால், அதன் மிக நெகிழ்ச்சியான பக்கம் வேறு விதமாகப் படிக்கக் கிடைக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் உள்ளூர் லீக் ஒன்றில் ஆடிய இருவரைப் பற்றி அவர் எழுதுகிறார். ஒருவர் ஓய்வுபெற்ற மருத்துவமனை ஊழியர், கறுப்பினத்தவர், மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தவர். மற்றவர் வயதில் பாதியளவே ஆன கணக்காளர், வெள்ளையர். பவுலிங் தவிர வேறெந்த வகையிலும் பழக்கமில்லாத அந்த இளைஞர் தன் சிறுநீரகம் ஒன்றைத் தந்தார். சேர்ந்து ஆடினார்கள் என்பதே அனைத்தையும் மாற்றியது என்பது புட்னத்தின் கருத்து. உண்மைதான். ஆனால் அந்த இருவரும் சேர்ந்து ஆடியது இயற்கையாக அமைந்துவிட்ட ஒன்றல்ல. அரை நூற்றாண்டுக்கு முன்பாக இருந்திருந்தால், அங்கீகரிக்கப்பட்ட லீக் ஒன்றில் அவர்கள் பெயர்கள் ஒரே தாளில் ஏறியிருக்க முடியாது. அவர்கள் நின்ற தடம் கொலம்பஸ் நகர மாநாட்டில் கைகள் உயர்ந்ததால் திறந்த தடம். சிறுநீரகம் கொடுத்த மனிதரின் ஈகைக்குப் பின்னால், பெயர் அறியப்படாத தொழிற்சங்க ஊழியர்களின் சலிப்பூட்டும் பல ஆண்டுக் கடிதப் போக்குவரத்தும் கூட்ட நிகழ்ச்சிநிரலும் இருக்கின்றன.

இதிலிருந்து அந்தப் புகழ்பெற்ற எண்களையும் மறுபடி வாசிக்கலாம். 10 சதவீதம் கூடியதும் 40 சதவீதம் குறைந்ததும் தனிமையின் கணக்கு என்று சொல்லப்படுகிறது. பவுலிங் கூடத்துக்குத் தனியாகப் போகிறவர் எங்கும் குறைவு. நண்பரோடும் குடும்பத்தோடும்தான் போகிறார்கள். அதைச் சுட்டிக்காட்டியே புட்னத்தை மறுத்தவர்களும் உண்டு. இரு தரப்பும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. கூடியவர்கள் வாடிக்கையாளர்கள், குறைந்தவர்கள் உறுப்பினர்கள். வாடிக்கையாளருக்குத் தோழமை குறைவில்லை. அவருக்கு இல்லாதது வாக்கு. கட்டணம் கூடினால் அவர் வேறு கடைக்குப் போகலாம். விதி பிடிக்காவிட்டால் அதை மாற்றக் கைதூக்க அவருக்கு ஓர் அறை இல்லை. இந்தியாவில் இந்த ஆட்டம் பெரும்பாலானோருக்கு வாடிக்கையாளர் ஆட்டமாகவே அறிமுகமானது. லீக்கையும் மாநாட்டையும் தொலைக்காமலே, தொடக்கத்திலேயே அவை இல்லாமல் வந்தது. ஆகவே 'தனியே பவுலிங்' என்ற புலம்பலை இங்கே அப்படியே இறக்குமதி செய்வதில் பொருளில்லை. உறுப்பினராக இருப்பது எங்கெல்லாம் வாடிக்கையாளராக இருப்பதாகச் சுருங்குகிறது என்ற கேள்விதான் இங்கும் பொருந்தக்கூடியது.

சங்கங்களின் பெருமையை இந்தியச் சூழலில் எச்சரிக்கையோடு பேசக் காரணங்கள் உண்டு. அசுதோஷ் வார்ஷ்ணே 2002இல் வெளியிட்ட ஆய்வு ஆறு நகரங்களை மூன்று இணைகளாக ஒப்பிட்டு, இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே அமைப்புகளில் உறுப்பினராக இருந்த இடங்களில் கலவரம் கட்டுக்குள் இருந்தது என்று வாதிட்டது. சங்கம் இருக்கிறதா என்பதோடு அவர் நிற்கவில்லை. அதற்குள் யார் யார் என்று கேட்டார். அதற்கும் முன்னால், கிரிக்கெட்டில் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை இருக்கிறது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய அந்தத் தலித் பந்துவீச்சாளருக்கு, பூனாவில் தேநீர் தனிக் குவளையில், அரங்கத்துக்கு வெளியே தரப்பட்டது. அவர் வீசலாம், விக்கெட் எடுக்கலாம், இந்து அணியின் தலைமை மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அது அவர் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது 1923இல். ஆடும் உரிமைக்கும் முடிவெடுக்கும் உரிமைக்கும் இடையிலான தூரத்தை அளக்க, இந்திய வாசகர் ஓஹாயோவரை போகத் தேவையில்லை.

கல்வித்துறைக்குள்ளும் அந்தத் தூரம் இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் ஆண்டுதோறும் வெளியூர் மாநாடுகளுக்குப் போகிறார்கள். நுழைவுக் கட்டணம், இரண்டாம் வகுப்புப் படுக்கை, நான்கு பேர் பகிரும் அறை, பதினைந்து நிமிட உரை. கட்டுரை வாசித்த சான்றிதழ் கைக்கு வந்ததும் பயணம் முடிகிறது. அந்த மாநாட்டை நடத்தும் சங்கத்தின் பொதுக்குழு வழக்கமாகக் கடைசி நாள் பிற்பகலில், அரங்கம் பாதி காலியான பின் கூடுகிறது. யார் வாக்களிக்கலாம் என்றால், பல சங்கங்களில் ஆயுள் உறுப்பினர்கள். ஆயுள் சந்தா பெரும்பாலும் மாத உதவித்தொகைக்காரரின் கைக்கு எட்டாத அளவில் இருக்கும். அடுத்த மாநாடு எந்த ஊரில், கட்டணம் எவ்வளவு, எந்த மொழியில் கட்டுரை ஏற்கப்படும், புகார்க் குழுவில் யார் என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. அந்த முடிவுகளால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் அப்போது ரயிலில் இருக்கிறார்கள். அவர்களை வெளியே நிறுத்தும் விதி எதுவும் எழுத்தில் இல்லை. ஆரஞ்சுபர்க்கின் பாடம் இங்குதான் உறுத்துகிறது. எழுதப்படாததை எதிர்த்து எங்கே மனுக்கொடுப்பது?

ஓர் அளவுவேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆய்வு மாணவரின் வாக்கின்மையும் இனவெறி விதியும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. ஆனால் இயங்கும் முறை ஒத்திருக்கிறது: பங்கேற்பை அனுமதித்து, கட்டணம் வாங்கி, முடிவை மட்டும் வேறு அறையில் வைப்பது. அந்த அரங்கங்களில் தலித், பழங்குடி, முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்கள் யாரென்று பார்த்தால், தொலைவும் கட்டணமும் கடைசி நாள் பிற்பகலும் எல்லோரையும் ஒரேபோல் வடிகட்டுவதில்லை என்பதும் விளங்கும். தெரியாத ஊரில் அறை தேடும்போது பெயரும் உணவுப்பழக்கமும் விசாரிக்கப்படுவது யாருக்கு என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

செய்யக்கூடியவை எளியவை, செலவும் அதிகமில்லை. பொதுக்குழுவை மாநாட்டின் நடுநாளில், உரை அமர்வுகளோடு மோதாத நேரத்தில் வைக்கலாம். மாநாட்டுக்குப் பதிவுசெய்த ஆய்வு மாணவர் ஒவ்வொருவருக்கும் அந்த ஆண்டுக்கான வாக்குரிமை தரலாம். விதித்திருத்தங்களையும் நிகழ்ச்சிநிரலையும் ஒரு மாதம் முன்பே, ஆங்கிலத்தோடு மாநாடு நடக்கும் மாநிலத்தின் மொழியிலும் வெளியிடலாம். பயண நல்கை கேட்பவரிடம் கட்டுரைச் சுருக்கத்தை மட்டும் கேட்காமல், பொதுக்குழுவில் பங்கேற்கவும் கால அளவைச் சேர்த்து நல்கை தரலாம். தங்குமிடத்தைச் சங்கமே உறுதிசெய்யலாம். உறுப்பினர் தகுதி என்ன, நீக்கம் எப்படி, திருத்தம் எப்படி என்பவற்றை எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதிவைக்கலாம். எழுதினால் அநீதி வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுகிற சங்கம் ஏதேனும் இருந்தால், அது எழுதத் தொடங்க அதுவே போதிய காரணம்.

மாணவர்கள் தரப்பிலும் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. கூட்டம் சலிப்பானது என்பது உண்மை. கணக்கறிக்கை வாசிப்பையும், முந்தைய கூட்டக் குறிப்பை உறுதிசெய்வதையும், ஒழுங்குப் பிரச்சினை எழுப்பும் மூத்தவரையும் சகித்துக்கொண்டு அமர்ந்திருப்பது உரை வாசிப்பதைவிடக் கடினம். 1950இல் கொலம்பஸில் கூடியவர்களும் பந்து உருட்ட வந்தவர்கள்தாம்; வாக்குக்காக அறைக்குள் உட்கார்ந்தார்கள். ஓல்கா மடார் போன்றவர்கள் அந்த அறையின் கதவை ஆண்டுக்கணக்கில் தட்டியதால் அவர்கள் எதற்கு வாக்களிக்க வேண்டியிருந்தது என்பதும் மாறியது. அடுத்த மாநாட்டுக்கு ரயில் சீட்டு எடுக்கும்போது, திரும்பும் தேதியைப் பொதுக்குழு முடிந்த பிறகு என்று போடுவது தொடக்கத்துக்குப் போதும். வாக்கு இல்லை என்று சொல்லப்பட்டால், ஏன் இல்லை என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்ய வேண்டும். அப்போது அது எழுத்தில் வந்துவிடும். எழுத்தில் வந்ததை மாற்றலாம்.